ஆந்தை அலறினால் யாருக்கு ஆபத்து?

நள்ளிரவு.

கடப்பாக்கம் உறங்குகிறது. கடல் மட்டும் உறங்கவில்லை. தென்னந்தோப்புக்கு அப்பால் அலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

திடீரென்று ஓர் அலறல்!

திண்ணையில் படுத்திருக்கும் பாட்டி எழுந்து உட்காருகிறாள். "சாக்குருவி கத்துதே! யார் வீட்டுக்கு என்ன கேடோ!" என்கிறாள். பேரன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறான். மருமகள் வெளியே வந்து, கல்லை எடுத்து இருட்டில் வீசுகிறாள்.

இது கடப்பாக்கத்தில் மட்டும் நடப்பதல்ல. தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்திலும் நடக்கும்.

கல்லடிபட்ட அந்தப் பறவை உண்மையில் எதற்காக அங்கே வந்தது? மனித உயிரை எடுக்கவா? இல்லை. அந்த வீட்டு நெல்லைத் தின்னும் எலியைப் பிடிக்க வந்தது!

ஆந்தையைப் பற்றி நாம் நம்புவது ஒன்று. ஆந்தை செய்வது வேறொன்று. அந்த வித்தியாசத்தை இன்று தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால், பழைய பயத்தோடு இப்போது புதிய ஆபத்துகளும் சேர்ந்து ஆந்தையைத் துரத்துகின்றன. ஆந்தை போனால் நஷ்டம் நமக்குத்தான்.

ஆந்தைக்கு ஏற்ற ஊர்

கடப்பாக்கம், செங்கல்பட்டு மாவட்டத்தில் செய்யூர் வட்டத்தில் இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போக வேண்டும். பக்கத்திலேயே ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் இந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தார்கள். இடிந்த செங்கல் சுவர்கள் உப்பங்கழியின் ஓரத்தில் இன்றும் நிற்கின்றன.

ஒரு பக்கம் கடலும் கழியும். மறு பக்கம் தென்னந்தோப்பு, சவுக்குத் தோப்பு, பனைமரங்கள். அதற்கும் அப்பால் ஏரிப் பாசனத்தில் விளையும் நெல்வயல்கள்.

ஆந்தைக்கு வேண்டியது என்ன? பகலில் ஒளிந்து தூங்க ஒரு பொந்து. இரவில் வேட்டையாட ஒரு வெட்டவெளி. வயிற்றுக்கு எலியும் பூச்சியும். பொந்துக்கு மொட்டைப் பனையும் பாழடைந்த சுவரும் போதும். வேட்டைக்கு வயல் போதும். இப்படிப்பட்ட ஊர்களில்தான் ஆந்தையும் மனிதனும் அண்டை வீட்டுக்காரர்களாக வாழ்கிறார்கள்.

பயம் எப்படி வந்தது?

"எங்கள் தாத்தா இறந்த அன்று ஆந்தை கத்தியது. நானே என் காதால் கேட்டேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆந்தை கத்தியிருக்கும். ஆனால் அதற்கு முந்திய நூறு இரவுகளிலும் கத்தியிருக்கும்! அப்போது வீட்டார் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லை.

வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் என்ன நடக்கும்? இரவு முழுவதும் யாராவது விழித்திருப்பார்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும். பூச்சியைத் தேடிச் சிறிய ஆந்தை வரும். வந்தது கத்தும். விழித்திருப்பவர் காதில் விழும். மறுநாள் நோயாளி இறந்துவிட்டால், பழி பறவை மேல்!

நோயாளி பிழைத்துக்கொண்டால்? ஆந்தை கத்தியதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பலித்தது மனத்தில் நிற்கும். பலிக்காதது மறந்துபோகும். சகுனம் என்பதெல்லாம் இப்படித்தான் வளருகிறது.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். நமக்குச் சாக்குருவியாக இருக்கும் அதே வெள்ளைக் கூகை, வங்காளத்தில் லட்சுமியின் வாகனம்! அது வீட்டில் வந்து தங்கினால் செல்வம் வரும் என்று அங்கே மகிழ்கிறார்கள். பழைய கிரேக்க நாட்டிலோ ஆந்தை அறிவுத் தெய்வத்தின் பறவை. ஏதென்ஸ் நகரத்து வெள்ளிக் காசில் அதன் உருவத்தைப் பொறித்தார்கள். இன்றும் கிரீஸ் நாட்டின் ஒரு யூரோ நாணயத்தில் ஆந்தை இருக்கிறது.

இங்கே சாவு, வங்காளத்தில் செல்வம், கிரேக்கத்தில் அறிவு! ஒரே பறவை மூன்று பலன்களைத் தர முடியுமா? பலன் பறவையிடம் இல்லை. பார்க்கிறவர் மனத்தில் இருக்கிறது.

எத்தனை வகை?

உலகில் 200-க்கு மேற்பட்ட ஆந்தை வகைகள் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் 30-க்கு மேல். நம் ஊர்ப் பக்கம் அடிக்கடி காணக்கூடியவை சிலதான்.

முதலாவது கூகை. இதைத்தான் பல ஊர்களில் சாக்குருவி என்கிறார்கள். முகம் வெள்ளை. நெஞ்சு வடிவில் இருக்கும். முதுகு பொன்னிறமும் சாம்பல் நிறமும் கலந்தது. பாழடைந்த கட்டடம், கோபுரம், மரப்பொந்து இவற்றில் குடியிருக்கும். இதன் குரல் "கிரீச்" என்று நெஞ்சைக் கீறுவது போல் இருக்கும். வெள்ளை முகத்தோடு, ஓசையே இல்லாமல், இருட்டில் தலைக்கு மேல் பறந்தால் பேய் என்று தோன்றாமல் என்ன செய்யும்!

இரண்டாவது புள்ளி ஆந்தை. மைனா அளவுதான் இருக்கும். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். மஞ்சள் கண்கள். மாலை மங்கியதும் மின்கம்பியில் வந்து உட்காரும். நம்மைப் பார்த்தால் தலையை மேலும் கீழும் ஆட்டும். ஜோடியாகவோ சிறு கூட்டமாகவோ இருந்து படபடவென்று பேசிக்கொள்ளும்.

கொம்பன் ஆந்தை பெரியது. தலையில் இரண்டு கொம்புகள் போல் இறகுகள் நிற்கும். பாறைகள், குவாரிகள், மேட்டு நிலங்கள் இதன் இடம். நீர்நிலை ஓரங்களில் மீன் பிடித்துத் தின்னும் மீன் ஆந்தையும் உண்டு.

கண்ணா, காதா?

"ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது" என்று பலரும் நினைக்கிறார்கள். இது தவறு. பகலிலும் தெரியும். இரவில் இன்னும் நன்றாகப் பயன்படும்படி கண் அமைந்திருக்கிறது. அவ்வளவுதான்.

பகலில் அது வெளியே வந்தால் காக்கைகள் கூட்டமாகச் சேர்ந்து விரட்டும். பகலில் காக்கை ஆந்தையை வென்றுவிடும் என்பதைத் திருவள்ளுவரே காலம் அறிதல் அதிகாரத்தில் உவமையாகச் சொல்லியிருக்கிறார். தனக்கு ஏற்ற நேரம் எது என்பது ஆந்தைக்குத் தெரியும். அதனால் பகலில் பொந்தில் இருக்கிறது.

ஆந்தையின் கண்கள் மிகப் பெரியவை. நம் கண்ணைப் போல் உருண்டையாக இல்லாமல் குழாய் போல் நீண்டிருக்கும். அதனால் கண்ணை இப்படியும் அப்படியும் உருட்ட முடியாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் தலையைத்தான் திருப்ப வேண்டும்.

அதற்கும் இயற்கை வழி செய்திருக்கிறது. நம் கழுத்தில் 7 எலும்புகள். ஆந்தையின் கழுத்தில் 14. உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே தலையை 270 பாகை வரை, அதாவது முக்கால் வட்டம் திருப்பிவிடும்! "ஆந்தை தலையை முழுவட்டம் சுற்றும்" என்று சொல்வது மட்டும் மிகை.

கண்ணைவிட ஆச்சரியமானது காது. கூகையின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே. ஒன்று சற்றுக் கீழே. ஆகவே ஒரு சத்தம் இரண்டு காதுகளிலும் இம்மியளவு வித்தியாசத்தோடு விழுகிறது. அந்த வித்தியாசத்தைக் கொண்டே சத்தம் வலமா இடமா, மேலா கீழா என்று பறவை கண்டுபிடித்துவிடுகிறது.

வட்டமான அந்த முகம் எதற்குத் தெரியுமா? நாம் சரியாகக் கேட்காதபோது காதுக்குப் பின்னால் கையைக் குவிக்கிறோம் அல்லவா? அதே வேலையை ஆந்தையின் முகம் செய்கிறது. சத்தத்தை வாங்கிக் காதுக்கு அனுப்புகிறது.

விஞ்ஞானிகள் கூகையை ஒரு துளி வெளிச்சமும் இல்லாத அறையில் விட்டுச் சோதித்தார்கள். தரையில் எலி நடந்த சிறு சரசரப்பு போதுமாக இருந்தது. நேராகப் பாய்ந்து பிடித்துவிட்டது!

ஓசை இல்லாத சிறகு

புறா பறந்தால் படபடவென்று கேட்கும். ஆந்தை பறந்தால் கேட்காது. அதன் இறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற சிறு இழைகள் இருக்கின்றன. இறகின் மேற்புறம் வெல்வெட்டுத் துணி போல் மிருதுவானது. காற்றைக் கிழிக்காமல் நழுவிப் போகிறது.

இதில் இரட்டை லாபம். வருவது எலிக்குத் தெரியாது. தன் சிறகோசை தனக்கே இடையூறாக இல்லாமல், எலியின் சத்தம் ஆந்தைக்குத் தெளிவாகக் கேட்கும்.

பிடித்த எலியைப் பெரும்பாலும் முழுதாகவே விழுங்கிவிடும். சதை செரிக்கும். எலும்பும் மயிரும் செரிக்காது. அவற்றை வயிற்றுக்குள்ளேயே உருட்டி, சில மணி நேரம் கழித்து வாய் வழியாகக் கக்கிவிடும். ஆந்தை தங்கும் மரத்தடியில் கறுப்பு நிறத்தில் உருண்டை உருண்டையாகக் கிடப்பவை இவைதாம். சிலர் இதைச் செய்வினை என்று நினைத்து மிரளுகிறார்கள்!

அந்த உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்த்தால் எலியின் மண்டை ஓடும் பற்களும் கிடைக்கும். ஆந்தை நேற்று என்ன சாப்பிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள அ.வ.அ. கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இப்படிக் காவிரிப் பாசனப் பகுதிக் கூகைகளின் உருண்டைகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் மிகுதியாக இருந்தவை எலிகளின் எலும்புகளே.

ஆந்தை வீட்டுக் குடும்பம்

ஆந்தை கூடு கட்டத் தெரியாத பறவை. பொந்தோ, சுவர் இடுக்கோ, பாழடைந்த மாடமோ கிடைத்தால் அதுவே வீடு. கூகை 4 முதல் 7 வெள்ளை முட்டைகள் வரை இடும். புள்ளி ஆந்தை 3 அல்லது 4.

கூகை முதல் முட்டையை இட்டவுடனேயே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். முட்டைகள் நாள்விட்டு நாள் இடப்பட்டவை. ஆகவே குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன. ஒரே கூட்டில் பெரிய அண்ணனும் இருப்பான், கண் திறக்காத தம்பியும் இருப்பான்.

தாய் குஞ்சுகளோடு இருக்கும். தகப்பன் இரை கொண்டுவரும். எலி நிறையக் கிடைக்கும் காலத்தில் எல்லாக் குஞ்சுகளும் பிழைக்கும். பஞ்சம் வந்தால் கடைசிக் குஞ்சு பிழைப்பது கஷ்டம். சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும்.

கூட்டை நெருங்கினால் குஞ்சுகள் "ஸ்ஸ்ஸ்" என்று பாம்பு போல் சீறும். பாம்பு இருக்கிறது என்று பயந்து பலர் பொந்துக்குள் தீ வைத்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பது பால்மணம் மாறாத குழந்தைகள் என்று அவர்களுக்குத் தெரியாது.

எலியின் கணக்கு

இனி வயலுக்கு வருவோம்.

எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு என்று போடும். குட்டிகளும் சில மாதங்களில் தாயாகிவிடும். சம்பாக் கதிர் முற்றும் நேரத்தில் வரப்புகளில் வளை மேல் வளையாகத் தோன்றும். எலி தின்பது கொஞ்சம். வெட்டிப் போடுவது அதிகம். வளைக்குள் சேர்த்து வைப்பது அதைவிட அதிகம்.

செங்கல்பட்டு வட்டாரத்து இருளர் மக்களுக்கு இது நன்றாகத் தெரியும். வளையைப் பார்த்தவுடன் உள்ளே எலி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். மண்பானையில் புகை போட்டு, வாயால் ஊதி, எலியைப் பிடிப்பது அவர்கள் பரம்பரைத் தொழில். வளையைத் தோண்டினால் எலி ஒளித்து வைத்த நெல்லும் கிடைக்கும்.

எலியால் வரும் தொல்லை வயலோடு முடிவதில்லை. வீட்டுக்குள் மூட்டையைக் கடிக்கும். அதன் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு கூகை ஓர் இரவில் ஒன்றிரண்டு எலிகளைத் தின்னும். நாம் ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 365 எலிகள். ஒரு ஜோடிக்கு 730. குஞ்சுகள் வளரும் காலத்தில் வேண்டிய எலிகள் இதில் சேரவில்லை. இந்த வேலைக்குக் கூலி கிடையாது. சாப்பாடு போட வேண்டியதில்லை. பேட்டா, போனஸ் கேட்பதில்லை!

புள்ளி ஆந்தை சிறிய பறவை. அது வண்டு, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி இவற்றை அதிகம் தின்னும். சுண்டெலியையும் விடாது.

இதை நம் முன்னோர் கவனிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். சங்க நூலான நற்றிணையின் 83-ஆம் பாட்டில் தலைவியின் தோழி ஒரு கூகையோடு பேசுகிறாள். தலைவன் இரவில் வரும் நேரம். கூகை குழறினால் ஊரார் விழித்துக்கொள்வார்கள். ஆகவே, "நீ சத்தம் போடாதே. உனக்கு நெய்ச்சோறும் இறைச்சியும் தருகிறேன், சுட்ட எலியும் தருகிறேன்" என்ற கருத்தில் கெஞ்சுகிறாள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கூகைக்கு எது பிடிக்கும் என்று தமிழ்ப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது! கல்லெறியாமல் விருந்து வைக்கிறேன் என்று சொன்ன அந்தத் தோழியைப் பாராட்டத்தான் வேண்டும்.

புதிய ஆபத்துகள்

பழைய காலத்தில் ஆந்தைக்கு எதிரி கல்லும் பயமும்தான். இன்று எதிரிகள் அதிகம்.

முதல் எதிரி எலி மருந்து. புரோமடியோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. உள்ளுக்குள் இரத்தம் கசிந்து, சில நாள் கழித்துத்தான் சாகும். அந்தச் சில நாட்களும் தள்ளாடித் தள்ளாடி வெட்டவெளியில் திரியும். அது ஆந்தைக்கு எளிதில் அகப்படும். எலியோடு விஷமும் ஆந்தையின் வயிற்றுக்குப் போகிறது. இப்படிப் பல எலிகளைத் தின்னத் தின்ன விஷம் சேருகிறது. கடைசியில் ஆந்தையும் சாகிறது.

பிறகு என்ன ஆகும்? மருந்துக்குத் தப்பிய எலிகள் சில மாதத்தில் மறுபடி பெருகிவிடும். ஆந்தை அவ்வளவு வேகமாகப் பெருகாது. எலியைக் கொல்ல வைத்த மருந்து, எலியைக் கொல்லும் காவல்காரனைக் கொன்றுவிடுகிறது. அடுத்த ஆண்டு இன்னும் அதிக மருந்து வாங்க வேண்டும்.

இரண்டாவது, வீடு இல்லாமை. பட்டுப்போன பனையும் பழைய ஆலமரமும் நமக்கு வெறும் விறகு. ஆந்தைக்கு அதுதான் மாளிகை. கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகிறது. மனைகள் பெருகுகின்றன. மரங்கள் விழுகின்றன. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு தன் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. பனையைக் காப்பதற்கான அந்த அறிவிப்பு, பனையில் குடியிருக்கும் பறவைகளுக்கும் நல்ல செய்திதான்.

மூன்றாவது, வாகனம். ஆந்தை தாழப் பறந்து வேட்டையாடும். அதன் கண்ணில் காரின் விளக்கு அடித்தால் திகைத்துப்போகும். வேகமாக வரும் வண்டியில் அடிபட்டுவிடும்.

நான்காவது எதிரிதான் மிகவும் வெட்கக்கேடானது. வடநாட்டில் தீபாவளிச் சமயத்தில் மாந்திரீகத்துக்கென்று ஆந்தைகளைப் பிடித்து விற்கிறார்கள். லட்சுமியின் வாகனத்தைப் பலி கொடுத்தால் லட்சுமி வீட்டைவிட்டுப் போகமாட்டாள் என்று மூட நம்பிக்கை! வனவிலங்கு வியாபாரத்தைக் கண்காணிக்கும் 'டிராஃபிக்' என்ற அமைப்பு 2010-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அப்போது இந்தியாவில் கணக்கிடப்பட்டிருந்த 30 வகை ஆந்தைகளில் 15 வகைகள் சந்தையில் விற்பனைக்கு வந்ததாக அது கூறியது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் கொல்வதும் குற்றம். சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. ஆந்தையைக் கூண்டில் வைத்து வளர்ப்பதும் கூடாது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் ஏராளம். அங்கே எலித் தொல்லையும் ஏராளம். தோட்டங்களில் கம்பம் நட்டு, மரப்பெட்டி வைத்து, கூகைகளைக் குடியேற்றினார்கள். கூகைகள் பெருகின. ஆனால் கடுமையான புது எலி மருந்துகளை வைத்த தோட்டங்களில் கூகைகள் குறைந்தன. இதை 1980-களிலேயே அங்கே கண்டறிந்து எழுதினார்கள். பெட்டியும் விஷமும் ஒன்றாகப் போகாது என்பது அந்தப் பாடம்.

இஸ்ரேலில் 1983-ல் ஒரு கூட்டுப் பண்ணையில் கூகைப் பெட்டிகள் வைத்தார்கள். பிறகு அந்த வேலை நாடு முழுவதும் பரவியது. 2002-ல் அண்டை நாடான ஜோர்டானும் இதில் சேர்ந்துகொண்டது. சண்டையும் சச்சரவும் நிறைந்த எல்லையில், இரு பக்கத்து விவசாயிகளும் ஒரே பறவைக்குப் பெட்டி வைத்தார்கள். எல்லைக் கோடு கூகைக்குத் தெரியுமா என்ன!

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. லட்சத்தீவில் தேங்காயை எலிகள் பெரிதும் நாசம் செய்கின்றன. 2019-ல் கேரளத்திலிருந்து மூன்று ஜோடிக் கூகைகளைக் கவரத்தித் தீவுக்குக் கொண்டுபோனார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். செஷல்ஸ் தீவுகளில் 1949-ல் எலியை ஒழிப்பதற்கென்று வெளியிலிருந்து கூகைகளைக் கொண்டுவந்தார்கள். அவை எலியை விட்டுவிட்டு அந்தத் தீவின் அரிய கடற்பறவைகளைத் தின்னத் தொடங்கின! ஆகவே ஆந்தை இல்லாத இடத்துக்கு அதைக் கொண்டுபோவதில் யோசனை வேண்டும்.

கடப்பாக்கத்துக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே ஆந்தை புதிய விருந்தாளி அல்ல. நமக்கு முன்பிருந்தே இந்த மண்ணில் வாழ்கிறது. அதை எங்கிருந்தும் கொண்டுவர வேண்டாம். இருப்பதை விரட்டாமல் இருந்தால் போதும்.

நாம் என்ன செய்யலாம்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை.

வயலில் பயிரைவிட உயரமாகச் சில கம்புகளை நட்டு, மேலே குறுக்குக் கட்டை கட்டலாம். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும். பகலில் இரட்டைவால் குருவி அதில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும். இரவில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். ஒரே கம்புக்கு இரண்டு காவல்காரர்கள்!

பட்டுப்போன பனை, வீட்டுக்கோ வழிக்கோ ஆபத்தில்லாத இடத்தில் நின்றால், அப்படியே விட்டுவிடலாம். பொந்தை அடைக்க வேண்டாம். தீ வைக்க வேண்டாம்.

எலிக்குக் கூடுமான வரை பொறி வையுங்கள். வரப்பைச் சிறிதாக வைத்து, வளைகளைத் தோண்டி, பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து ஒரே சமயத்தில் எலி பிடித்தால் பலன் அதிகம். மருந்து வைத்தே தீர வேண்டுமானால், செத்த எலியைத் தேடி எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுங்கள். இது ஆந்தைக்கு மட்டுமல்ல, வீட்டு நாய்க்கும் பூனைக்கும் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு.

ஆந்தைக் குஞ்சு கீழே விழுந்து கிடந்தால், காக்கையும் நாயும் நெருங்காமல் பார்த்துக்கொண்டு, அது விழுந்த பொந்திலோ பக்கத்துக் கிளையிலோ வைத்துவிடலாம். தாய் தேடி வரும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆந்தை வந்தால் எலி பூண்டோடு ஒழிந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. எலியின் வேகத்துக்கு எந்த ஒரு தடையும் தனியாகப் போதாது. பொறி, வரப்புச் சுத்தம், பாம்பு, ஆந்தை எல்லாம் சேர்ந்துதான் எலியை அடக்கி வைக்கின்றன. அதில் செலவில்லாத கூட்டாளி ஆந்தை.

மறுபடியும் நள்ளிரவு

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த முறை ஆந்தை கத்தும்போது, போர்வைக்குள் ஒளியாமல், பெரியவரோடு வாசலுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள். முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் பொறுத்தால் மின்கம்பியில் ஒரு சிறிய உருவம் தெரியும். அது தலையை மேலும் கீழும் ஆட்டி, "நீ யார்?" என்று கேட்பது போல் பார்க்கும்.

பாட்டி பயந்தால், பேரனே சொல்லட்டும்:

"பயப்படாதே பாட்டி. அது நம்மைத் தேடி வரவில்லை. நம் குதிரில் இருக்கிற நெல்லுக்குக் காவல் வந்திருக்கிறது!"

ஆந்தை அலறினால் ஆபத்து உண்டு. அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆபத்து எலிக்கு!